அடக்க வீடியோவில் போன சத்தம்

மைசூரில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன் நான். கல்லறைத் தோட்டத்துக்குக் கீபோர்டைத் தூக்கிப்போக முடியாது. அதனால் நான் வாசித்துப் பதிவுசெய்த இசையை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அங்கே குழு பாடும்.

யாரோ அந்த இசையைத் திருடித் தங்கள் சேனலில் போட்டுக்கொண்டார்கள். ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் காப்பிரைட் பதிவு செய்தேன். யார் பயன்படுத்தினாலும் சத்தம் தானாக நின்றுவிட வேண்டும் என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடித்தேன்.

போன மாதம், குழுவில் பாடும் ஸ்டெல்லா அக்காவின் கணவர் இறந்துபோனார். குவைத்திலிருந்து வர முடியாத மகனுக்காக அடக்கத்தை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். மறுநாள் அக்கா போனும் கையுமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, பெட்டிய குழியில எறக்குற எடத்துல சத்தமே இல்லப்பா. பையன் போன் பண்ணி அழறான். யாரோ காப்பிரைட் போட்டிருக்காங்களாம். சாவுலகூடவா இப்படிப் பண்ணுவாங்க? சூடு சொரணை இல்லாத ஜனங்க!"

வாங்கிப் பார்த்தேன். உரிமை கோரியவர் என்ற இடத்தில், பதிவுக்காக நான் வைத்துக்கொண்ட பெயர் இருந்தது. அது நான்தான் என்று அக்காவுக்குத் தெரியாது. வீடியோவில் பெட்டி இறங்குகிறது, எல்லார் வாயும் அசைகிறது, பாட்டு மட்டும் இல்லை.

"ஏதோ கம்ப்யூட்டர் தப்புக்கா. நான் சரி பண்றேன்" என்றேன். வீட்டுக்குப் போய் அந்த உரிமைக் கோரிக்கையை நீக்கினேன். சத்தம் திரும்பி வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா எம்புள்ள அந்தப் பாட்டக் கேட்டிருக்கவே மாட்டான்" என்று அழுதார்.

"பரவாயில்லக்கா" என்றேன் நான்.

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.