பிக்கப் அக்காவின் கியர் ஆயில்

வண்டியின் பானெட்டைத் தூக்கி, குழாய்க்குள்ளிருந்து நீளமான குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவி, முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார் பிக்கப் அக்கா. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் கிடைக்காது. முகர்ந்து முடித்த பிறகுதான் பக்கத்தில் நாம் நிற்பதே அவருக்குத் தெரியும்.

அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த புதிதில், ஜன்னல் வழியாக இதைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் செக்கச்செவேலென்று ஒரு சொட்டு. விரலை வெட்டிக்கொண்டார் என்று நினைத்துப் பஞ்சும் மருந்துமாகப் படியிறங்கி ஓடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தமில்லைங்க, கியர் ஆயில்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரத்தம்னும் வெச்சுக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவருடைய தொழில். பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டி, ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும், அதற்கு அந்தச் சிவப்பு ஆயில்தான் ஆதாரம். அதைப் பார்ப்பதற்கு அக்கா ஒரு முறை வைத்திருக்கிறார். அதில் இம்மி பிசகக் கூடாது. முதலில் தெருவைச் சுற்றி வந்து வண்டியைச் சூடாக்குவார். சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கியர் கோலை ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நிறுத்தி எடுத்து, கடைசியில் வண்டியை நிறுத்திவைக்கும் ‘பார்க்’கில் போடுவார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, ஓடுகிற இன்ஜினோடுதான் குச்சியை உருவுவார்.

"சும்மா நிக்கும்போது கேட்டா பொய் சொல்லும். ஓடிக் களைச்சு, சூடா வந்து நிக்கும்போது கேளுங்க, உள்ளதைச் சொல்லும்" என்பார். பக்கத்து வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதும் பெண்ணின் அம்மாவுக்கு இதே யோசனையைத்தான் சொன்னார். மாப்பிள்ளையிடம் லீவு நாளில் போய்ப் பேசாதே, வேலை முடிந்து அலுத்துச் சலித்து வருகிற நேரத்தில் போய்ப் பேசு என்றார். அந்த வரன் தட்டிப்போனதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஆயில் சிவப்பாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி. பழுப்படித்து, தீய்ந்த வாடை வந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். கையிலிருந்த ஸ்பானரால் தன் இடது காலைத் தட்டினார். ‘டொக்’கென்று சத்தம் வந்தது.  அத்தனை மாதம் ஒரே வாசலில் போய் வந்தும் அது செயற்கைக் கால் என்று எனக்குத் தெரியாது. சாமான் இறக்கும்போது இரும்பு பீரோ சரிந்து முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டதாம். செயற்கைக் காலால் கிளட்சை மிதித்தால் எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாது. விற்பனைக்கு வருகிற பிக்கப் எல்லாமே கிளட்ச் வைத்தவை. இது ஒன்றுதான் அலையாய் அலைந்து கிடைத்தது.

"இந்த கியர்பாக்ஸ் போச்சுன்னா வேற வண்டி இல்லைங்க. நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, டயரில் காற்று பார்க்கப் போய்விட்டார். 

அக்காவின் வீட்டுக்காரர் பாலிஷ்காரர். அலுவலகக் கதவுகளின் பித்தளைக் கைப்பிடி, பெயர்ப்பலகை, மாடிப்படிக் கம்பி எல்லாவற்றையும் முகம் தெரிகிற மாதிரி துலக்கிக் கொடுப்பார். மங்கிப்போன உலோகம் கண்ணில் பட்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஒருமுறை என்னிடம் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், பேசிக்கொண்டே என் கதவுத் தாழ்ப்பாளைத் தேய்த்துவிட்டுப் போனார். மனைவி என்றால் அவருக்கு உயிர். அந்தப் பிரியம்தான் வினையாக முடிந்தது.

சென்ற மாதம் அக்கா, தன் தமக்கை மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தார். வருவதற்குள் அவரை அசத்திவிட வேண்டும் என்று பாலிஷ்காரர் கிளம்பினார். மனைவி தினமும் ஆசையாக முகர்கிற அந்தக் குச்சியை உருவிக்கொண்டு போய் வெள்ளிக் கம்பியாகத் துலக்கினார். பிசுக்கேறிய இன்ஜினையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார். பிறகு குச்சியை அதன் இடத்தில் சொருகி, வண்டியை ஓட்டிப்போய் நிழலில் நிறுத்தினார்.

மறுநாள் காலை அக்கா பயணப் பையும் கையுமாக வந்து நின்றார். பாலிஷ்காரர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எல்லாம் கண்ணைப் பறித்தது. அக்கா சிரித்தபடிதான் குச்சியை உருவினார். தண்டு மின்னியது. முனையில் பாலில் சாயத்தைக் கலக்கியது போல வெளிர் ரோஜா நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது.

அக்கா முகரவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார். நான் பாதிப் படியில் இருந்தேன். ஆயிலைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாத எனக்கே, உள்ளே தண்ணீர் போய்விட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. 

"குச்சியை எடுத்துட்டுப் போய்ப் பாலிஷ் போட்டீங்களே, கழுவும்போது அந்த ஓட்டையை எதால மூடினீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அக்கா.

"எந்த ஓட்டை?" என்றார் பாலிஷ்காரர்.

மெக்கானிக் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்ஜினைப் போடாமல் இருந்திருந்தால் அப்படியே வடித்திருக்கலாம், நிழலுக்கு ஓட்டிப்போனதில் தண்ணீரும் ஆயிலும் கலங்கிவிட்டன என்றார். "உள்ள கியரைப் புடிக்கிற தகடுங்க தண்ணி குடிச்சிருந்தா வண்டி எழுந்திரிக்காது. குடிக்கலைன்னா பொழைச்சுக்கும். ஊத்தி ஊத்தி வடிச்சுப் பாப்போம்."

ஊற்றினார்கள், ஓடவிட்டார்கள், வடித்தார்கள். தட்டில் ரோஜா நிறம்தான் விழுந்தது. மறுபடி ஊற்றினார்கள். அக்கா வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தார். கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அவரை உண்டு இல்லை என்று ஆக்குகிற மனுஷி அவர். பாலிஷ்காரர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் யாருடையவோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை.

ஒருவழியாகத் தட்டில் சிவப்பு விழுந்தது. வடிகட்டியை மாற்றி, கடைசித் தடவையாகப் புது ஆயில் ஊற்றிவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைப் போட்டார். பிரேக்கை மிதித்து, கோலை முன்னே ஓட்டும் ‘டிரைவு’க்குத் தள்ளி, பிரேக்கை விட்டார். வண்டி அசையவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் கத்தியது, சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடியில் தெரிந்த அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. 

பாலிஷ்காரர் எழுந்தார். வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். இன்ஜினே ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியைத் தள்ளி ஆவதென்ன? "அண்ணே, அது பிரயோஜனமில்ல, வாங்க" என்று மெக்கானிக் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கால் மண்ணில் வழுக்க, மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். புது ஆயில் சந்துபொந்தெல்லாம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும் என்பது அப்போது மெக்கானிக்குக்குக்கூட நினைவுக்கு வரவில்லை. திடீரென்று கியர் பிடித்தது. வண்டி ஒரு துள்ளல் துள்ளிப் பாய்ந்தது. பாலிஷ்காரர் குப்புற விழுந்தார்.

 அக்கா பிரேக்கை மிதித்து, பார்க்கில் போட்டு, கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு இறங்கி வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. பாலிஷ்காரர் தாடை கிழிந்து, தரையிலிருந்து தலையை மட்டும் தூக்கினார்.

"புடிச்சிருச்சா?"

"புடிச்சிருச்சு."

அக்கா செயற்கைக் காலை ஒரு பக்கமாக நீட்டி, நடுத்தெருவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தலையில் அப்பியிருந்த மண்ணை உள்ளங்கையால் தட்டிவிட ஆரம்பித்தார். மண்ணெல்லாம் உதிர்ந்த பிறகும் பட் பட்டென்று அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது.