சர்க்கரை எங்கிருந்து ஏறியது?

என் கணவருக்குச் சர்க்கரை நோய். மாவுப் பொருளைக் குறைக்கும்படி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கோழியை வைனில் வேகவைக்கும் பிரெஞ்சுக் குழம்பை, மைதாவும் உருளைக்கிழங்கும் சேர்க்காமல் செய்தேன். தொட்டுக்கொள்ள ரொட்டியும் தரவில்லை. மனிதர் ரசித்து இரண்டு தட்டு சாப்பிட்டார். பிறகு வீட்டு மீட்டரில் சோதித்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம்தான் வந்தது.

“பேக்கரிக்குப் போய் என்ன தின்னீங்க?”

“வீட்ட விட்டே போகலடி, சத்தியமா!”

நான் நம்பவில்லை. அவர் சட்டைப் பையைத் துழாவினேன். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று என் விரலையும் குத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது.

மாலையில் வந்த நாத்தனார் மிச்சக் குழம்பை ருசி பார்த்தாள்.

“என்னண்ணி, இப்படி இனிக்குது? எந்த வைன் ஊத்தினீங்க?”

கிறிஸ்துமஸுக்கு நானே போட்ட திராட்சை வைன்தான். ஒரு பாட்டில் முழுவதும் ஊற்றியிருந்தேன். திராட்சைக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டிப் போட்டது அது! நானோ வெங்காயம்தான் இனிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

“சக்கரைய நீங்களே ஊத்திட்டு அண்ணன் பாக்கெட்ல தேடினீங்களா?” என்று சிரித்தாள்.

இப்போது அந்தக் குழம்புக்கு வைனுக்குப் பதில் கோழி எலும்பு வேகவைத்த சாறும் கொஞ்சம் வினிகரும்தான். மீட்டர் ஏறினால் முதலில் சட்டியை ருசி பார்க்கிறேன். அப்புறம்தான் அவர் சட்டைப் பை.

– ஒரு வாசகி, காக்ஸ் டவுன், பெங்களூரு