தறிச் சத்தத்தில் ஒரு நடை

முருகேசன் தெருவில் நடந்து வந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர்தான் ஒதுங்க வேண்டும். ஆள் முரடர் அல்ல, நடை அப்படி. மடிப்புக் கலையாத இஸ்திரி வேட்டி, சீவி விட்ட மீசை, உடம்புக்கு முன்னால் ஓடும் கால்கள். அவரோடு டீக்கடைக்குக் கிளம்புகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்பார்கள். அதற்குள் அவர் டீயைக் குடித்து கிளாஸையும் வைத்திருப்பார். எழுபதைத் தாண்டிய பிறகும் இந்தப் பெருமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் குளியலறைச் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து, வேனில் படுக்கவைத்துக் கூட்டிவந்து, முன்னறைக் கட்டிலில் சேர்த்தான் மகன் கோபிநாத். தேசூரிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? "எங்க மச்சானுக்கும் இப்டிதான் ஆச்சு. கடைசி வரிக்கும் எழுந்துக்கவே இல்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க துரை என்கிற பிசியோதெரபி டாக்டர் வீட்டுக்கே வந்தார். அவர் வாக்கரைக் கட்டிலுக்கு அருகில் நகர்த்தியதும் முருகேசனுக்கு உடம்பில் இல்லாத வலியெல்லாம் வந்துவிடும். ஒரு நாள் கால் கடுப்பு, ஒரு நாள் தலைசுற்றல். வலி தீர்ந்துபோன நாட்களில் ராகுகாலம்.

துரை கோபிநாத்தை வாசலுக்குக் கூப்பிட்டார். "எலும்பு நல்லா சேந்துகினு வருது. வாக்கர் புடிச்சிகினு தனியாவே நடக்கலாம். ஆனா இப்ப நடக்கலன்னா கால் இறுகிடுங்க. அப்புறம் கட்டிலோட கெடக்க வேண்டியதுதான்."

அப்பாவைக் கட்டிலில் கிடக்கிறவராகக் கோபிநாத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவன் பின்னறையில், அப்பா நெய்த அதே தறியில் நெய்கிறவன். மனைவி ராதிகா காலையிலேயே தார்க்குச்சிகளில் பட்டு நூலைச் சுற்றி வைத்துவிட்டு, புடவைக் கடை வேலைக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் அப்பாவும் பிள்ளையும்தான். நடுவில் ஒரு திரைச்சீலை. கெஞ்சினான், அதட்டினான், பிரியாணி வாங்கித் தருவதாகக்கூட ஆசை காட்டினான். கிழவர் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் ஆரம்பித்தான். "ப்பா, எழுந்துருப்பா. பேஜார் பண்ணாத."

"இன்னிக்கி கரிநாள்டா. நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது."

கரிநாளா? கோபிநாத் எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தான். கிட்டப் போனால்தான் படிக்க முடிகிற பொடி எழுத்தில் கரிநாள் என்றுதான் போட்டிருந்தது. அதுவல்ல விஷயம். அப்பா விழுந்த நாளிலிருந்து அந்தக் காலண்டரை யாரும் தொடவில்லை. அன்றன்றைய தாளைக் கிழிப்பது அவருடைய வேலை. இப்போது இன்றைய தேதி வரைக்கும் கிழித்திருந்தது.

"நீ கிழிச்சியா?" என்று ராதிகாவைச் சமையலறையில் ரகசியமாகக் கேட்டான்.

"எனக்கு ஏதுங்க நேரம்?"

மத்தியானம் ராதிகாவைத் தறியில் உட்கார வைத்தான். சத்தம் மட்டும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்த்தான். முருகேசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாக்கரை இறுகப் பிடித்திருந்தார். ஒரு காலை வைத்தார், மறு காலை இழுத்தார். "ஏய், வா... வர மாட்ட?" என்று அந்தக் காலைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். வேட்டி அவிழ்ந்துவிடும் போலிருந்தது, மீசையில் வியர்வை. அந்த ராஜநடை நடந்த மனிதரா இவர்? கோபிநாத் ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளப் பார்த்தான். ராதிகா தறியை ஆட்டியபடியே ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க. மாமா யாரு முன்னாடியும் தள்ளாடி நடந்தவரு இல்ல. நீங்க பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சா திரும்பப் படுத்துக்குவாரு."

மறுநாளிலிருந்து கோபிநாத் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு தறியில் ஏறினான். தூக்கம் கிடையாது, செல்போன் கிடையாது. கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். நூல் தீர்ந்த தாரை மாற்றத் தறியை நிறுத்தினால் போதும், முன்னறையில் வாக்கர் சத்தமும் நின்றுவிடும், உடனே கட்டில் கிரீச்சிடும். மறுபடி குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடினால்தான் அந்தப் பக்கம் 'டொக்' என்று கேட்கும். அதனால் தார் மாற்றுவதில் கோபிநாத் மின்னல் ஆகிவிட்டான். புடவை வேகமாக வளர்ந்தது. அப்பாவின் நடையும் சுவரிலிருந்து சுவருக்கு வளர்ந்தது.

ஆனால் துரை வரும்போது மட்டும் பழைய தலைசுற்றல்தான். இப்படி ஒளிந்து நடப்பவர் இந்த அறையைத் தாண்டி வெளியே வருவாரா? கோபிநாத்துக்கு அதுதான் பயம்.

ஒரு நாள் வாக்கர் சத்தம் நிற்கவே இல்லை. டொக், டொக் என்று போய்க்கொண்டே இருந்தது. கோபிநாத் உற்சாகமாக நெய்தான். சட்டென்று நூல் தீர்ந்தது. கூடைக்குள் கையை விட்டான், ராதிகா சுற்றி வைத்த தார் ஒன்றுகூட இல்லை. நிறுத்தினால் அப்பா கட்டிலுக்கு ஓடிவிடுவார். என்ன செய்வது? நூல் இல்லாத வெறும் நாடாவையே கயிற்றால் இழுத்து விட்டான். மிதியை மிதித்தான், பலகையைத் துணியில் படாமல் அடித்தான். குறுக்கே ஓடும் ஊடை நூல் இல்லாத தறியை ஒருவன் வேர்த்து விறுவிறுக்க ஓட்டிக்கொண்டிருப்பதை ஆரணியில் யார் பார்த்தாலும் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அவன் விடவில்லை.

திரைச்சீலை விலகியது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு முருகேசன் வாசற்படியில் நின்றார். மூச்சு வாங்கியது. பிள்ளையின் நனைந்த சட்டையையும் காலிக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெறும் நாடா ஓடற சத்தம் எனக்குத் தெரியாதாடா? எவ்ளோ நேரமா காத்த நெஞ்சிகினு இருக்க?"

கோபிநாத்தின் கை கயிற்றிலேயே நின்றது. தறி ஓய்ந்துவிட்டது. முருகேசன் கட்டிலுக்குத் திரும்பவில்லை.

"அந்த இஸ்திரி வேட்டிய எடு, ஜல்தி. டீக்கடைக்குப் போவலாம். நீ கூட வா. மெதுவா வா, நான் வேகமா நடக்க மாட்டேன்."