நீலம் போன வழி

எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் ஒரே மொட்டை மாடி. ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலிருந்தும் ஒரு குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். மழை பெய்தால் எங்கள் குழாயின் ஓரத்தில் சொட்டும்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஒட்டுகிற வேலை. சிமெண்ட் பூசினால் விரிசல் விடும் என்று, கடையில் ரப்பர் வாங்கிவந்து, பெல்ட்டுக்குச் செய்வது போலவே சுரண்டிப் பசை தடவி, குழாயைச் சுற்றி ஒட்டினார். அடுத்த மழைக்கும் சொட்டியது.

"ஒட்டு விடல. தண்ணி வேற வழியா வருது" என்றார். தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

அந்த வேறு வழி எதுவென்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வெயில் நாளில் அவர் ஷிப்டுக்குப் போனதும், துணிக்குப் போடும் நீலத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, எங்கள் குழாயைச் சுற்றி ஊற்றினேன். கீழே வந்து அண்ணாந்து நின்றேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம், ஒரு சொட்டும் விழவில்லை.

சாயங்காலம் இடது பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "எங்க வூட்டு பாத்ரூம்ல நீலமா சொட்டுதுங்க." பாவம், அவர் வருஷாவருஷம் தன் குழாயைச் சுற்றித் தார் பூசிக்கொண்டிருந்தார்.

எங்கள் குழாயோரம் இறங்கும் தண்ணீர் தளத்துக்குள்ளேயே ஓடி அவர் வீட்டில் சொட்டுகிறதென்றால், எங்கள் வீட்டில் சொட்டுவது யார் வீட்டுத் தண்ணீர்? மிச்ச நீலத்தோடு வலது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் குழாயைச் சுற்றியும் இதை ஊற்றிப் பார்க்கவேண்டும் என்றேன்.

"எதுக்குங்க? எங்க வூட்ல ஒழுகவே இல்லியே" என்றார் அந்த வீட்டுக்காரர்.