நான் தொழாத இஸ்திகாரா

நான் தொழவில்லை. தொழுதேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யை இறைவனின் பதில் என்று ஒரு பெண் நம்பினாள். அவளுடைய வாழ்க்கை அதன்படியே போயிற்று.

இதுதான் என் குற்றம். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் விளக்கம். விளக்கம் சொல்லுகிறவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் என்னை முழுவதாக நம்பிவிட வேண்டாம்.

கல்முனைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. தாடி நரைத்துவிட்டது. ஐவேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பேன். ஊரில் மார்க்கப் பேணுதலான மனிதர்கள் யார் என்று கேட்டால், என் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். ஆனால் என் உதடுகள்தாம் ஓதுகின்றன... கையைக் கட்டியதும் மனம் கடைக்குத் திரும்பிவிடுகிறது. பெருநாளுக்கு ஆண்கள் உடுத்தும் சாரங்களில் எது ஓடும், எது தேங்கும் என்று யோசித்து முடிக்கும்போது இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிடுவார். பல வருடங்களாக இப்படித்தான்.

எப்போது தொடங்கியது? கடல் ஊருக்குள் வந்த நாளில் என்று சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள். அது பொய்யாகும். அன்று இடிந்த சுவரருகே நின்று நான் அழுது தொழுதேன். அப்படி நான் ஒருநாளும் தொழுததில்லை! என்னை விட்டு இறைவன் போனது அதற்குப் பிறகு. வீடு மாடியாகி, அறைகளுக்குக் குளிர்சாதனம் பூட்டி, பிள்ளைகள் வெளிநாடு போய், கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு. போனான் என்றா சொன்னேன்? இல்லை... நான்தான் திரும்பிக்கொண்டேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

என் வாப்பாவும் இதே கடையில்தான் இருந்தார். பாங்கு சொன்னால் ஒரு சாரத்தை வாசலுக்குக் குறுக்கே கட்டிவிட்டுத் தொழப் போய்விடுவார். யார் பார்ப்பது என்று கேட்டால், "பாக்கிறவன் பாப்பான்" என்பார். நான் கேமரா பூட்டினேன். பள்ளிவாசலை விட்டு இறங்கியதும் முதலில் போனை எடுத்துக் கடையைத்தான் பார்ப்பேன். கேமரா வந்த பிறகு ஒரு விஷயம் நடந்தது. எல்லோரும் கள்வராகவே தெரிந்தார்கள். வேலைக்கு நிற்கிறவர்கள், சேலையை விரித்துப் பார்க்கிற பெண்கள், விலை கேட்காமல் எடுக்கிறவர், விலை கேட்டுவிட்டு வைக்கிறவர்... அந்தக் கண்ணோடுதான் பள்ளிவாசலுக்குள்ளும் நின்றேன். பக்கத்தில் நிற்பவரும் என்னைப் போலத்தானோ? இமாமின் குரல் நடுங்குகிறதே, அது பழக்கிய நடுக்கமோ? வரிசை முழுதும் ஆளையாள் ஏமாற்றிக்கொண்டு நிற்கிறோமோ? இப்படியெல்லாம் நினைப்பேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கை ஹபீபா வந்தாள். கணவனை இழந்தவள். ஒரே மகள் றிஸ்னா.

"காக்கா, சம்மாந்துறையில இருந்து றிஸ்னாக்கு ஒரு இடம் வந்திரிக்கி. பொடியன் நல்லமாம். நீங்க ஒருக்கா இஸ்திகாரா தொழுது பாருங்க. உங்களுக்கு வாறதுதான் எங்களுக்கு."

இஸ்திகாரா என்றால், இரண்டு வழிகளுக்கு முன்னால் நிற்கிறவன் இறைவனிடம் கேட்டுத் தொழுவது. இரண்டு ரக்அத் தொழுது, துஆ ஓதிவிட்டு, மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். தேவை உள்ளவர்தாம் தொழ வேண்டும். மௌலவிமாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊர் கேட்பதில்லை. பேணுதலான ஒருவரைப் பிடித்து, அவர் கையில் ஒப்படைத்துவிடும். அவருக்குக் கெட்ட கனவு வந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

"சரி, தொழுது சொல்றன்" என்றேன்.

நான் தொழவில்லை. தொழுவதற்குப் பதிலாக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். கடையில் ஆளை நோட்டம் விடுகிறதுபோல அவனையும் நோட்டம் விட்டேன். இர்பான் என்று பெயர். தகப்பனின் நெல் ஆலையைப் பார்க்கிறவன். அஸர் தொழுகைக்கு அவன் வந்த பள்ளிவாசலுக்கு நானும் போய், அவனுக்குப் பின்னால் நின்றேன்.

அவன் ஸுஜூதில் அழுதான். சத்தமில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அவன் எழுந்தபோது நெற்றி பட்ட இடத்தில் பாய் நனைந்திருந்தது.

என் மனம் என்ன சொல்லிற்று தெரியுமா? நடிப்பு! பெண் வீட்டார் பார்க்க வருவார்கள் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான்... வெளியே வந்ததும் தன் கூட்டாளி சொன்ன ஏதோ கதைக்கு அவன் சிரித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது அழுதவன் இப்போது சிரிக்கிறானே, இவன் பெரிய கள்ளனாகத்தான் இருப்பான் என்று முடிவுகட்டினேன்.

இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அழாமல் தொழுகிற நான், அழுது தொழுதவனைப் பொய்யன் என்றேன். என் பையில் இருந்தது செல்லாத காசு; அதனால் ஊரிலுள்ள காசெல்லாம் செல்லாது என்று தீர்த்துவிட்டேன்.

ஹபீபாவிடம் போனேன். றிஸ்னா கதவருகே நின்றிருந்தாள். "மனசு ஒப்பல்ல. கறுப்பா ஒண்டு தெரிஞ்சிச்சி. இந்த இடம் வேணாம்" என்றேன்.

சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு மாமன் சொல்லக்கூடிய சொல்தான். அதை எதிர்த்துக் கதைக்கவும் முடியும். நான் இறைவனின் வாயில் வைத்துச் சொன்னேன். அதை யார் எதிர்ப்பார்கள்?

றிஸ்னா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடம் வேறொருவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். அப்போது யாரும் என்னைத் தொழச் சொல்லவில்லை. ஊர் வழக்கப்படி வீடு அவளுடையது. வந்து குடியேறியவன் அவன். கொஞ்ச நாள் இருந்தான். பிறகு கட்டாருக்குப் போனான். பேச்சுக் குறைந்தது, பிறகு நின்றது, கடைசியில் காதி நீதிமன்றத்தில் தலாக்காக முடிந்தது. பிள்ளை இல்லை.

ஹபீபா அழும்போதெல்லாம் றிஸ்னாதான் தேற்றுவாள். "விடுங்க உம்மா. சம்மாந்துறை இடத்துக்குப் போயிருந்தா இதவிட மோசமா நடந்திருக்கும். அதாலதானே அல்லாஹ் மாமாக்குக் காட்டினான்." இதை என் முன்னால் வைத்தே சொல்வாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

உங்களிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் அந்த இர்பானைப் பார்க்க மறுபடியும் போனேன். ஒரு தடவையல்ல, பல தடவை. நெல் வாங்க வந்தவன்போல, மரணவீட்டுக்கு வந்தவன்போல ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எதற்காக? அவன் அழாமல் தொழுவதை ஒரு தடவையாவது கண்டுவிட வேண்டும் என்பதற்காக. நான் செய்தது சரி என்று எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது... அவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவன் தலையில் நரை விழுந்துவிட்டது. இப்போதும் அவன் முதுகு குலுங்குகிறது. யாரும் பார்க்காத கடைசி வரிசையில் நிற்கும்போதும் குலுங்குகிறது. வெளியே வந்ததும் இப்போதும் சிரிக்கிறான்.

இந்த நோன்புக்கு முன்னால் மருதமுனையிலிருந்து றிஸ்னாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்த ஓர் ஆசிரியர். றிஸ்னா தானே என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இஸ்திகாரா தொழுது சொல்லுங்க."

இதுதான் நேரம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத் துணிந்தேன். முதலில் மெதுவாக, "நீயே தொழு மகள். தேவை உள்ள ஆள்தான் தொழணும்" என்றேன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தொழுவன் மாமா. ஆனா எனக்கு வாறத நான் நம்ப மாட்டன். அண்டைக்கு நானும்தான் தொழுதன். யாருக்கும் சொல்லல்ல. எனக்கு ஓம் எண்டுதான் வந்திச்சி. மனசு அப்பிடிக் குளிர்ந்து கிடந்திச்சி. அடுத்த நாள் நீங்க வந்து வேணாம் எண்டு சொன்னீங்க. அப்ப எனக்கு வந்தது ஷைத்தான்ட வேலை எண்டு விளங்கிச்சி. அதுக்குப் பிறகு தொழுறன், ஆனா உள்ளுக்க ஒண்டும் வாறதில்ல. வெறும் வீடு மாதிரி."

 

அதுவரையில் ஒரு கல்யாணத்தைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். என் வெறுமை என்னோடு போகும் என்று நம்பியிருந்தேன். இல்லை! அதை அவளுக்குள்ளும் குடியேற்றியிருக்கிறேன். இறைவன் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறான். நான் குறுக்கே போய் நின்று அதைப் பொய் என்று ஆக்கியிருக்கிறேன். அவள் நம்பியது யாரை? என்னை! உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை. "சரி, தொழுது சொல்றன்" என்றேன்.

இந்த முறை உண்மையாகவே முயன்றேன். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு ரக்அத் தொழுதேன். துஆவை ஓதினேன். அழ முயன்றேன். அழுகிறேனா என்று என்னையே ஓரக்கண்ணால் பார்த்தேன்... அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டுப் பதில் சொல்கிற இடத்தில் இறைவன் இருக்கலாம். வேண்டிக் கேட்பதற்கு என் பக்கத்தில்தான் ஒருவரும் இல்லை. வெளியே தெருவில் ஐஸ்கிரீம் வண்டி போகும் சத்தம் கேட்டது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மருதமுனையில் நாலு பேரிடம் துருவி விசாரித்தேன். பிழை சொல்ல ஒருவருமில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது; ஆனாலும் இந்தத் தடவை என் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

றிஸ்னாவின் வீட்டுக்குப் போய், "ஓம் மகள். மனசு லேசா இருந்திச்சி. செய்யலாம்" என்றேன்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவால் கண்ணீர் வழிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். எனக்கும் அப்பிடித்தான் மாமா வந்திச்சி. சொல்லப் பயந்துகொண்டிருந்தன். இந்த முறை ரெண்டும் ஒண்டு. இத்தின வருஷத்துக்குப் பிறகு அல்லாஹ் திரும்ப எனக்கிட்டக் கதைச்ச மாதிரி இரிக்கி."

உம்மாவிடம் சொல்ல உள்ளே போனாள். அடுப்படியில் இருவரும் சேர்ந்து அழுவதும் சிரிப்பதும் கேட்டது.

இப்போது உங்களுக்கு விளங்குகிறதா? இனி நான் யாரிடமும் உண்மையைச் சொல்ல முடியாது. முதல் பொய்யால் அவளுடைய தொழுகையைப் பறித்தேன். இரண்டாவது பொய்யின் மேல் அவள் அதைத் திரும்பக் கட்டியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அதுவும் இடிந்து விழும். மௌத்தாகும்வரை அந்த வீட்டில் நான் பேணுதலான மாமாதான்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் அன்று றிஸ்னாவின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு உண்மையிலேயே வந்ததா? அல்லது எனக்கு வந்தது என்று நான் சொன்னதால், தனக்கும் வந்தது என்கிறாளா? அடுப்படியில் அவள் அழுதுகொண்டிருக்க, நான் கதவுப்பக்கம் காதைச் சாய்த்து, அந்த அழுகை மெய்யா பொய்யா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.