நுசேயா எரித்த புத்தகம்

அரசர் ஆணையால் ஞானஸ்நானம் வாங்கிய முஸ்லிம் ஊர் அது; சர்ச் பதிவேட்டில் நுசேயாவின் பேர் 'ஆனா'. வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் ஃபராஷ், ஸ்பெயினில் ஹலோன் ஆற்றங்கரையில் கயிற்றுச் செருப்பு தைத்துப் பிழைத்தான். ஊரில் அரபு புரிந்தவர்கள் செத்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அதனால் துஆ என்னும் வேண்டுதல்களையும் நபிமார் கதைகளையும், ஊர் பேசும் ஸ்பானிய மொழியிலேயே, அரபு எழுத்தில் எழுதினான். எட்டு வருஷ வேலை. மாவுத்தொட்டிக்குப் பின்னால் சுவரைக் குடைந்து ஒளித்திருந்தான்.

ரமலானில் சர்ச்சின் விசாரணைக்காரர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். பகலில் அவன் வீட்டு அடுப்பு புகையவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

கொழுந்தன் அமதோர் வந்தான். "மதினி, அந்தப் புத்தகம் இன்னும் வீட்டுலயா இருக்கு?"

"ஆமா."

"எரிச்சிடுங்க. அது கைக்குக் கிடைச்சா அண்ணனை உசிரோட கொளுத்திருவாங்க."

"அதுல அல்லாஹ்வோட பேரு இருக்கு அமதோர்."

"இருக்கட்டும். அண்ணன் வேணுமா, வேணாமா?"

ரொட்டி அடுப்பில் ஒவ்வொரு தாளாகப் போட்டாள். தோல் அட்டைதான் லேசில் எரியவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி இரண்டு காவலர்களோடு வந்தான். எதையும் கேட்காமல் நேரே மாவுத்தொட்டியை நகர்த்தினான். அந்த இடம் ஃபராஷுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

"புத்தகத்தைக் கொடுத்தா மன்னிக்கிறோம்னு சொன்னோம். உன் புருஷன் இடத்தைச் சொல்லிட்டான். எங்கே அது?"

"எரிச்சிட்டேன் ஐயா. முந்தாநாள்."

"அவன் இருக்குங்கிறான், நீ இல்லைங்கிறே. யார்கிட்ட கொடுத்து வச்சிருக்கீங்க?"

அடுப்புக்குள் கைவிட்டுச் சாம்பலை அள்ளிக் காட்டினாள்.

"எல்லா வீட்டு அடுப்புலயும்தான் சாம்பல் இருக்கு" என்றான் அவன்.

பொய் சொன்னான் என்று ஃபராஷை அரசரின் கப்பலில் துடுப்புப் போட அனுப்பினார்கள், பத்து வருஷத்துக்கு. அவளுக்கு, குற்றவாளி என்று ஊருக்குக் காட்டும் மஞ்சள் அங்கி. ஞாயிறுதோறும் அதை மாட்டிக்கொண்டு சர்ச்சில் நிற்க வேண்டும். சரகோசாவில் அவனைச் சங்கிலியோடு பார்த்த கோவேறுகழுதைக்காரன் ஒருவன் வந்து சொன்னான்: "'அவ ஏன் எரிச்சா'ன்னு கேட்டார்மா. வேற ஒண்ணும் பேசலை."

மூன்றாம் வருஷம் அவன் செத்த சேதி வந்தது. உடல் கடலோடு போயிற்று. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். மையித்துக்கான, இறந்தவருக்கான துஆவை ஓத வேறு ஆளில்லை. அந்தப் புத்தகத்திலிருந்து அவன் படிக்கக் கேட்டிருந்த நினைவில் நுசேயா தொடங்கினாள். நாலு வரி வந்தது. அப்புறம் வரவில்லை. யாருக்கும் வரவில்லை. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள்.