அப்பாவின் வயிற்றுக் கட்டியும் என் வைகாசிக் கல்யாணமும்

முருகனடியார்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் அப்பாவின் வயிற்றில் கட்டி வளர்ந்தது எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகத் தெரியாமலே இருந்தது. தெரிந்தபோது அவர் பிழைக்க மாட்டார் என்று நினைத்தோம். பிழைத்தார். காஞ்சிபுரம் குமரகோட்டத்து முருகன்தான் காப்பாற்றிக் கொடுத்தான். இதை எந்தச் சபையிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். ஆனாலும் கிருத்திகை பஜனையில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். என் கதையில் நன்றி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வருத்தமும் இருக்கிறது. வருத்தத்தைக் கொண்டுவந்து சந்நிதியில் கொட்டலாமா என்று ஒரு தயக்கம். இந்தத் தடவை நீங்கள் விடவில்லை. பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதித் தருகிறேன்.

அறுபதுகள் முடிகிற சமயம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா பட்டு நெசவு. தறி நெய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், நெய்த சேலையைச் சுருட்டிக்கொண்டே வரும் கட்டை நேராக வயிற்றுக்கு எதிரில் இருக்கும். படமரம் என்போம். நாள் முழுக்க அதன்மேல் சாய்ந்து சாய்ந்து, வயதான நெசவாளர் பலருக்கு மேல்வயிற்றில் தோல் கறுத்துப் போயிருக்கும். அங்கே வலிக்கிறது என்று யார் சொன்னாலும் தெருவே அந்த ஒரே காரணத்தைத்தான் சொல்லும்.

அப்பாவும் அப்படித்தான் சொன்னார். "படமரம் அழுத்துதுமா. வேற ஒண்ணும் இல்ல."

பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டைமேல் கட்டினார். உட்காரும் பலகையை உயர்த்திப் போட்டார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம். நாலு வாய் சோறு போனதும் போதும் என்று எழுந்துவிடுவார். என் சமையல் பிடிக்காமல் போய்விட்டதா என்று அம்மா சண்டைகூடப் போட்டாள். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஆனால் வயிறு மட்டும் இளைக்கவில்லை. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பங்குனி உத்திரம் முடிந்த வாரம், குளித்துவிட்டு அப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தார். கையை மேலே தூக்கினபோது இடது விலாவுக்குக் கீழே ஏதோ புடைத்துக்கொண்டு நிற்பதை அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். எங்கள் ஊர் டாக்டர், எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். அப்பா தன் படமரக் கதையைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. அழுத்திப் பார்த்துவிட்டு, "நாளைக்கே மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போங்க" என்றார்.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சொன்னவர் ஓர் இளம் டாக்டர். அவரிடம் அப்பா என்னைக் காட்டி, "என் பொண்ணு சார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டீச்சர் ட்ரெய்னிங்ல சீட்டு கெடச்சிருக்குது, ஆனி மாசம் சேரப் போறா" என்று பெருமையாகச் சொன்னார். தன் வயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது அம்மாதான்.

"இரைப்பையை ஏதோ பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளுது. கணையத்தில கட்டி இருக்கும்போல" என்றார் டாக்டர்.

"புத்துநோயுங்களா?"

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். திறந்து பார்த்தாத்தான் தெரியும். படுக்கை காலியாக ஒரு மாசம் ஆகும், அப்ப வாங்க."

அவர் ஒளிக்காமல் இரண்டையும் சொன்னார். நாங்கள் 'இருக்கலாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினோம். கணையம் என்று ஓர் உறுப்பு இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேர் தெரியாத இடத்தில் கட்டி என்றதும் பயம் இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்த மறுநாளே பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை, தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவர்தான். அழுதுகொண்டேதான் பேசினார்.

"தம்பி கண்ணை மூடிட்டா வருஷம் திரும்பறதுக்குள்ள பொண்ணைக் கட்டிக் குடுக்கணும். இல்லன்னா மூணு வருஷம் தள்ளிப் போவும். அப்பன் இல்லாத பொண்ணுன்னா எவன் வருவான்? அவன் இருக்கச்சொல்லவே முடிச்சுடலாம்மா."

அம்மா சரி என்றாள். அப்பாவும் சரி என்றார். ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சாகப் போகிற அப்பாவிடம் நான் படிக்கப் போகிறேன் என்று எந்தப் பெண் வாதாடுவாள்?

அந்த மாதக் கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் விரதம் இருந்தேன். குமரகோட்டத்தில் கூட்டம் குறையும்வரை நின்று, சந்நிதிக்கு நேராகப் போய்க் கேட்டேன். முருகா, அப்பாவை விட்டுவிடு. என்னிடம் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஆரணி, அவரும் நெசவு. அப்பா பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியைத் தளர்த்திக் கட்டியிருந்தார். வந்த சனம் கல்யாணப் பெண்ணைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாரை வார்க்க அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். எனக்கு அழுகை வந்தது. பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் கவனிக்கவில்லை.

தாலி மஞ்சள் புதுசாக இருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை காலி என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம்.

இனிமேல் நடந்ததைத்தான் நான் அற்புதம் என்கிறேன். அந்த இளம் டாக்டர், ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். நெஞ்சில் வைக்கும் குழாயை அப்பாவின் கட்டிமேல் வைத்தார். கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இளையவரின் காதில் மாட்டி அவரையும் கேட்கச் சொன்னார்.

"உள்ள ரத்தம் ஓடுற சத்தம் கேக்குதா? ஊசியை எடுத்து வைங்க."

தொடையில் ரத்தக்குழாய் வழியாக மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது அப்போது வந்த புதிது. அப்பாவுக்கு அதைச் செய்தார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பெரிய டாக்டர் எங்களுக்குக் காட்டினார். நூல் சிக்கிக்கொண்டது மாதிரி ஒரே பின்னல்.

"இது ரத்தக்குழாய்களே பின்னிப் பின்னி வளர்ந்த கட்டி. கணையத்தில இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். நானே புத்தகத்திலதான் படிச்சிருக்கேன். புத்து இல்லைன்னுதான் நினைக்கிறேன், ஆனா எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதி. ஊசி குத்தியிருந்தா உள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கும்."

அப்பா அப்போதும் விடவில்லை. "படமரம் அழுத்தித்தானே சார் வந்துச்சு?"

"இல்லைங்க. கட்டி இருந்ததாலதான் உங்களுக்குக் கட்டை அழுத்திச்சு. இது பல வருஷமா உள்ள இருந்திருக்கும்."

ஆபரேஷனுக்கு நிறைய ரத்தம் வேண்டும் என்றார்கள். பார்க்க வந்த உறவுக்காரர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ரத்தம் கொடுத்தால் கை தளர்ந்து தறியில் உட்கார முடியாமல் போய்விடும் என்று பயம். என் வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனார். கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிருப்பார். அவர் ரத்தம் அப்பாவுக்குச் சேர்ந்தது. இதை நான் மறைக்கவே கூடாது. அவரை நான் கட்டிக்கொண்டிருக்காவிட்டால் அன்றைக்கு அங்கே யார் இருந்திருப்பார்கள் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மத்தியானத்துக்குமேல்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கட்டியோடு கணையத்தின் ஓரத்தையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து நானும் அம்மாவும் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் முருகா முருகா என்று உதட்டைமட்டும் அசைத்துக்கொண்டிருந்தோம். அப்பா கண் விழித்தார். தண்ணி கேட்டார். அம்மா அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

சோதனை முடிவு வர மேலும் சில நாள் ஆனது. இளம் டாக்டர்தான் சந்தோஷமாக ஓடிவந்து சொன்னார்.

"புத்து இல்லைம்மா. சாதுவான கட்டி. மொத்தமா எடுத்தாச்சு, இனி பயமே இல்லை."

அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் அந்த டாக்டர் என் கழுத்தைக் கவனித்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சா? டீச்சர் ட்ரெய்னிங் சேரப் போறதா அப்பா சொன்னாரே."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உயிர் திரும்பி வந்த அந்த நிமிஷத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அப்பாவின் அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆடி பிறந்ததும், புதுப்பெண் என்று வழக்கப்படி என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அப்பாவும் வீடு திரும்பிப் படுத்திருந்தார். ட்ரெய்னிங் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. என்னோடு படித்த சரோஜா காலையில் நீலப் புடவை கட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அப்பா கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பார். ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடி. நான் நேர்ந்துகொண்டபடி மாவிளக்குப் போட்டேன். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது, நீ கேட்ட விலையை எடுத்துக்கொண்டாய் என்று மனசுக்குள் சொன்னேன்.

பல வருஷம் அப்படியே நினைத்திருந்தேன். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன், படிப்பை எடுத்துக்கொண்டான் என்று. என் வீட்டுக்காரர் நல்லவர், பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆரணியில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரம்மா முன்னால் நிற்கும்போதெல்லாம் அது என் இடம் என்று தோன்றும். காஞ்சிபுரம் வந்தாலும் குமரகோட்டத்தில் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்பா மாதம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு ஆரணிக்கு வருவார். பேரப்பிள்ளைகளோடு விளையாடுவார். என் முகத்தைப் பார்த்து மட்டும் பேச மாட்டார்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு வந்தபோதுதான் பேசினார். நான் காபி கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார்.

"நான் செத்துடுவேன்னு நம்புன அளவுக்குப் பொழைப்பேன்னு நம்பலமா. கோயில்ல உசுரைக் கேட்டுக்கினே வீட்ல சாவுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு இருந்தோம். சாமி எங்கமா உன் படிப்பைக் கேட்டாரு? நாமதான் எடுத்துக்கினு போயி குடுத்தோம்."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் தாங்கவில்லை. இத்தனை வருஷம் முருகனைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அடுத்த கிருத்திகைக்கே புறப்பட்டு வந்தேன். அன்றிலிருந்து மாதாமாதம் உங்களோடு உட்கார்ந்து பாடுகிறேன். மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வருத்தம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கிறது, ஆனால் அவன்மேல் இல்லை.

அப்பா இன்றைக்கும் தறியில் உட்காருகிறார். வயிற்றில் குறுக்கே நீளமாகத் தழும்பு. புற்று என்று நாங்கள் எண்ணியது, கணையத்தில் லட்சத்தில் ஒருவருக்கு வருமோ வராதோ என்கிற சாதுவான கட்டி. அதைக் கண்டுபிடிக்கிற காதை அந்த டாக்டருக்குக் கொடுத்து, அந்த நேரத்துக்கு அவரை எங்கள் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினவன் முருகன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

உங்களிடமும் ஒருநாள் டாக்டர் 'இருக்கலாம்' என்பார், 'இல்லாமலும் இருக்கலாம்' என்பார். அப்போது அவனிடம் ஓடுங்கள். நம்பிக் கேளுங்கள், கட்டாயம் காது கொடுப்பான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எதையும் முடித்துவிடாதீர்கள். நாங்கள் ஒரே ஒரு மாதம் பொறுத்திருந்தால் போதுமாக இருந்தது.